வினாவை வாசித்தல்: இலக்கியப் பரீட்சைக் கட்டுரை பற்றிய ஒரு நோக்கு

இலக்கியப் பரீட்சைகளிலே மாணவர் எழுதும் கட்டுரைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மொழிப் பிழைகளையே சுட்டிக் குறைகூறுவர். அடிப்படையான குறைபாடு வேறிடத்தில் உள்ளது என்பது எமது கருத்து. வினா வாசிக்கப்படுவதில்லை, விடை நினைவுகூரப்படுகின்றது. வினாத்தாளிலே நூலின் பெயரைக் கண்டதும், வகுப்பிற் பெற்ற குறிப்புகள் அப்படியே விடைத்தாளில் இறங்கிவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டினைக் கொண்டு இதனை நோக்குவோம். 'சிலப்பதிகாரம் ஒரு குடிமக்கள் காப்பியம் என்னும் கூற்றினை ஆராய்க' என்பது போன்ற வினா எம்மவர்க்குப் புதியதன்று. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் சிலப்பதிகாரம் பற்றிய தமது நூலுக்குக் 'குடிமக்கள் காப்பியம்' எனப் பெயரிட்டார். ஆய்வு முடிபாக அமைந்த அத்தொடர் காலப்போக்கிற் பரீட்சை வாய்பாடாயிற்று. வழமையான விடை யாவரும் அறிந்ததே: அரசரே தலைவராதல் வேண்டும் என்ற நிலை மாறி வணிகர் குடியிற் பிறந்தோர் தலைமக்களாயினர், எனவே இது குடிமக்கள் காப்பியம். இவ்விடை 'ஆராய்க' என்பதனை 'விளக்குக' என்று வாசித்ததன் விளைவாகும். விளக்குக என்பது கூற்றினை ஏற்றுத் தெளிவுபடுத்துமாறு கேட்பது. ஆராய்க என்பதோ கூற்றினையே சோதிக்குமாறு கேட்பது.

சோதனை வினாவின் மையச் சொல்லிலிருந்து தொடங்குதல் வேண்டும். குடிமக்கள் என்போர் யாவர்? அரசரல்லாதார் அனைவருமா, உழைத்து வாழ்வோர் மாத்திரமா? இதனைக் கேட்டதும் நூற்சான்றுகள் இரு பக்கமும் பிரிந்து நிற்பதைக் காணலாம். அரசவையில் ஒரு பெண் நீதி கேட்கிறாள். பிழையுணர்ந்த பாண்டியன் உயிர் துறக்கிறான். வேட்டுவரும் ஆயரும் குன்றக் குறவரும் தத்தம் வழிபாட்டோடும் கூத்தோடும் இடம்பெறுகின்றனர். ஆயின், மாசாத்துவானும் மாநாய்கனும் பெருநிதி படைத்த வணிகர். வஞ்சிக் காண்டமோ பெரிதும் செங்குட்டுவனின் வடதிசை வெற்றியைப் பேசுவது. அடைக்கலம் தந்த ஆய்ச்சி மாதரி தீப்புகுந்து மடிகிறாள். ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்காக ஆயிரம் பொற்கொல்லர் கண்ணகிக்குப் பலியிடப்படுகின்றனர். இவ்வாயிரவரும் குடிமக்கள் அல்லரோ?

சான்றுகளை இவ்வாறு எதிரெதிர் நிறுத்தியபின் அவற்றை எடைபோட்டு ஒரு முடிபுக்கு வருதல் வேண்டும். 'இரு பக்கத்திலும் உண்மை உண்டு' என முடிப்பது நடுநிலையன்று, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாம். அரச அதிகாரத்தைக் குடிமகள் ஒருத்தி தட்டிக்கேட்கும் காப்பியம் என்ற அளவிற் கூற்றுப் பொருந்தும். உழைப்போர் நோக்கில் உலகைக் காணும் காப்பியம் என்ற பொருளிற் பொருந்தாது என்பது எமது முடிபு. தக்க சான்று காட்டி இதனை மறுக்கும் மாணவருக்கும் முழுப்புள்ளி கிடைத்தல் வேண்டும்.

இக்குறைபாடு மாணவருடையது மாத்திரமன்று. பல்கலைக்கழக அனுமதியைப் புள்ளிகள் தீர்மானிக்கும் சூழலிலே, துணிந்து வாதிடுவதினும் ஒப்புவிப்பதே பாதுகாப்பானது என அவர்கள் கருதுவது இயல்பு. மட்டக்களப்பிலே வைகாசிச் சடங்கிற் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த மாணவி, அக்கதையை மக்கள் எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதை நேரில் அறிந்தவள். அவ்வறிவும் ஒரு சான்றே என்று அவளுக்கு எவரும் கூறுவதில்லை. வினாவை ஆக்குவோரும் புள்ளியிடுவோரும் கற்பிப்போரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். 'குடிமக்கள் யாவர்' என்று விடைத்தாளிற் கேட்கப் பழகாதவர், மேடைகளில் 'மக்கள்' என்ற சொல் முழங்கும்போதும் அவ்வினாவைக் கேட்கப் போவதில்லை.