கோட்டைக்குள்ளிருந்து பார்த்த ஊர்

ஊருக்குப் போய்வந்தவர்கள் எழுதும் கட்டுரைகள் எமது சஞ்சிகைகளில் ஒரு தனி இலக்கிய வகையாகவே நிலைத்துவிட்டன. 2002 இல் யுத்தநிறுத்த உடன்பாட்டின் பின் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது இதன் முதல் அலை வந்தது. 2006 ஆவணியில் பாதை மூடப்பட்டதும் அது ஓய்ந்தது. 2009 இன் பின்னர் மறுபடியும் தொடங்கி, 2014 ஐப்பசியில் யாழ்தேவி யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பவும் வந்து சேர்ந்த பிறகு இன்னும் பெருகியது.

இவற்றை வாசித்துப் பழகியவர்களுக்கு அடுத்த பந்தியில் என்ன வரப்போகின்றது என்பது முன்கூட்டியே தெரியும். ஆனையிறவைக் கடக்கும்போது நெஞ்சு அடைக்கும். முற்றத்து மாமரம் நிற்கும், அல்லது நிற்காது. சவர்த் தண்ணீர் என்று அந்நாளில் முகம் சுளித்த கிணறுகூட இனிக்கும். படித்த பள்ளிக்கூடம் சிறுத்துப்போயிருக்கும்; கோயில் பெருத்துப்போயிருக்கும். இளம்பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் திரிவதைக் கண்டித்து ஒரு பந்தி இருக்கும். விமானம் கிளம்பும்போது, ரொறன்ரோவில் இருப்பது வீடா, விட்டுவந்தது வீடா என்ற கேள்வியோடு கட்டுரை முடியும்.

இதை நாம் கேலியாகச் சொல்லவில்லை. நாமும் அப்படியொரு கட்டுரையைத் தொடங்கி நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கின்றோம். அது அந்த நான்காம் பக்கத்தோடு நின்றுபோனதற்கு ஒரு புத்தகம் காரணமாயிற்று. அந்தப் புத்தகத்தைப் பற்றியும், அதை முன்வைத்து எம்மைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது.

மைக்கல் ஒண்டாச்சி எமது நகரத்து எழுத்தாளர். 1943 இல் இலங்கையில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்து, 1954 இல் இங்கிலாந்துக்கும் 1962 இல் கனடாவுக்கும் வந்தவர். 1978 இலும் 1980 இலும் அவர் இலங்கைக்குத் திரும்பிப் போனார். அப்பயணங்களின் விளைவாக 1982 இல் வெளிவந்த நூல்தான் ‘ரன்னிங் இன் த ஃபாமிலி’. நினைவுக்குறிப்பு, வதந்தி, கவிதை, புகைப்படம், கற்பனை எல்லாம் கலந்த ஒரு பிரதி. ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போய்வந்து எழுதுகின்ற எல்லோருக்கும், அவர்கள் அதை வாசித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்நூல் ஒரு மூத்த அண்ணன் மாதிரி.

அந்நூலில் யாழ்ப்பாணம் வருகின்றது என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது. ஸ்காபரோ நூலகக் கிளையொன்றில் எடுத்த பிரதியில், ஒரு பனிக்கால இரவில், நாமும் அதைத் தற்செயலாகத்தான் கண்டோம். ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த பழைய தேசாதிபதி மாளிகை. பிற்பகல் வெயில். மிக உயர்ந்த கதவுகளும் அகன்ற சுவர்களும் கொண்ட ஒரு பெரிய கூடம். அங்கே பிலிஸ் மாமி உட்கார்ந்து, இறந்துபோன உறவினர்களின் குடி, காதல், பைத்தியக்காரத்தனம் எல்லாவற்றையும் அவிழ்த்து விடுகின்றார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் திருத்துகின்றார்கள், கூட்டுகின்றார்கள், சிரிக்கின்றார்கள். வெளியே யாழ்ப்பாணம் வெயிலில் கிடக்கின்றது. அவர்கள் வெளியே போவதற்கு அவசரப்படவில்லை.

எழுத்து அழகானது. அதை மறுப்பது நேர்மையாகாது. செத்தவீட்டு இரவுகளில் எமது பெரியம்மாமாரும் மாமிமாரும் குடும்பக் கதை பேசுகின்ற அதே தாளம் அங்கே இருக்கின்றது. முதல் வாசிப்பில் எமக்குப் பொறாமைதான் வந்தது. இரண்டாம் வாசிப்பில்தான் கோபம் வந்தது.

இந்தக் கோபம் புதியதல்ல. யோர்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அருண் முகர்ஜி 1980களிலேயே இதை எழுப்பியிருந்தார். பிறந்த மண்ணின் வரலாறும் அங்குள்ள மனிதர்களின் வாழ்வும் ஒண்டாச்சியின் எழுத்தில் இடம்பெறவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2014 இல் மறைந்த செல்வா கனகநாயகம், 1992 இல் ‘கனேடியன் லிற்றரேச்சர்’ ஏட்டில் எழுதிய கட்டுரையில் இதே கேள்வியை இன்னும் நிதானமாக அணுகினார். ஆங்கிலத்தில் நடந்த இந்த விவாதம் எமது தமிழ்ப் பக்கங்களுக்கு வந்து சேரவேயில்லை. வந்திருந்தால் எமது பயணக் கட்டுரைகள் சிலவாவது வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கின்றோம்.

யாழ்ப்பாண வாசகர் என்ற முறையில் இந்த விவாதத்தில் நாம் சேர்க்கக்கூடியது ஒரு சிறிய விடயம். கோட்டைக்குள் இருந்த அந்த மாளிகை ஒண்டாச்சியின் உறவினருக்கு எப்படிக் கிடைத்தது? நூலே ஒரு வரியில் அதைச் சொல்லிக் கடந்து போகின்றது: நெட் மாமா இனக்கலவரங்களைப் பற்றிய ஓர் ஆணைக்குழுவுக்குத் தலைவர், யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்கும் காலத்துக்கென அந்த வீடு அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் அவ்வாறு இயங்கியது, முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியின் தலைமையில் 1977 ஆவணிக் கலவரத்தை விசாரித்த ஆணைக்குழுவாகும். யாழ்ப்பாணத்தில் ஒரு களியாட்ட விழாவில் பொலிசாருக்கும் பொதுமக்களுக்கும் இடையில் எழுந்த தகராறு, சில நாட்களுக்குள் தெற்கிலும் மலையகத்திலும் தமிழர் மீதான தாக்குதலாகப் பரவியது. தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. அவர்களைப் பற்றிய சாட்சியங்கள் பதிவாகிய நாட்களில்தான், அப்பதிவின் பொருட்டு வழங்கப்பட்ட வீட்டில், அந்த இனிய பிற்பகல் நடக்கின்றது. அவ்வீட்டின் கதவைத் திறந்துவிட்டது எமது சனத்தின் அழிவு. பிரதி அதை அறியும். அறிந்துகொண்டு, ஒரு வரி போதும் என்று முடிவு செய்திருக்கின்றது.

அதன் பின் நடந்ததை அந்நூல் சொல்லவில்லை. அவரது இரண்டாவது பயணத்துக்கும் நூல் வெளிவருவதற்கும் இடையில், 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில், கோட்டை வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. சேரனின் ‘இரண்டாவது சூரிய உதயம்’ 1983 இல் வந்தது. ஒரே நகரம், ஒரே காலம். ஒன்று நீண்ட பிற்பகலாகவும் மற்றையது தீயின் வெளிச்சமாகவும் எழுதப்பட்டிருக்கின்றது.

இவ்வளவும் எழுதி முடித்தபோது எமக்கு ஒரு திருப்தி இருந்தது. ஒரு பெரிய எழுத்தாளரின் தவறைப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தி. அந்தத் திருப்தியோடுதான் எமது நான்கு பக்கங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம்.

நாம் ஊரை விட்டது 1993 இல். திரும்பிப் போனபோது இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. நகரத்தில் குளிரூட்டிய அறையொன்றில் தங்கியிருந்தோம். உறவினர்கள் அங்கேயே வந்து பார்த்தார்கள். “மத்தியானத்திலை வெளிக்கிடாதேங்கோ அண்ணை, உங்களுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளாது” என்று மச்சாள் சொன்னார். நாமும் கேட்டுக்கொண்டோம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, குளிர்ந்த சோடாவோடு இருந்து, யார் யாரை முடித்தது, எந்தக் காணி யாருக்குப் போனது, சித்தப்பா குடித்துவிட்டு வேலி பாய்ந்த இரவு என்று பேசிப்பேசிச் சிரித்தோம். எமது நான்கு பக்கங்களில் மிக நன்றாக வந்திருப்பது அந்தப் பகுதிதான். நல்ல எழுத்து என்று எமக்கே பட்டது. ஒண்டாச்சிக்கு உயரமான கதவு, எமக்குக் குளிரூட்டி. வித்தியாசம் அவ்வளவுதான்.

எமது பக்கங்களில் இல்லாதது எது என்று பார்க்கத் தொடங்கினோம். முதலில் கண்ணில் பட்டது கடல்.

யாழ்ப்பாணம் ஒரு கரையோர நகரம். ஆனால் எமது ஊர்க் கட்டுரைகளைக் கொண்டு வரைபடம் வரைந்தால் அது செம்மண்ணும் பனைவேலியும் கிணறும் கொண்ட ஒரு உள்நாட்டு ஊராகத்தான் வரும். கடல் வருமானால் பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்த சூரிய அஸ்தமனமாக வரும். குருநகரும் பாசையூரும் நாவாந்துறையும் வருவதில்லை. கோட்டை மதிலில் நின்றால் நீரேரி முழுவதும் தெரிகின்றது. அதில் தொழில் செய்கின்ற ஆட்களும் தெரிகின்றார்கள். அவர்களிடம் போய்ப் பேசிய ஒரு கட்டுரையை நாம் இன்னும் வாசிக்கவில்லை, எழுதவுமில்லை.

ஆனால் எம்மை ஊரிலிருந்து வெளியே கொண்டுவந்தது கடல்தான். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த 1990களின் முற்பகுதியில் கொழும்புக்குப் போகவேண்டியவர்கள் கிளாலிக்குப் போய், இரவில், விளக்கில்லாத படகுகளில் நீரேரியைக் கடந்தார்கள். கடற்படையிடம் அகப்பட்ட படகுகளில் இருந்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். நாம் கடந்த இரவில் படகோட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கரை தட்டியதும் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சேற்றில் இறங்கி ஓடினோம். அவருடைய பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. முகம் இருட்டில் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பகலிலும் அப்படியான முகங்களை நாம் பார்த்துப் பழகியிருக்கவில்லை என்பதுதான் உண்மை. சாதி என்ற சொல்லை இங்கே எழுதாமல் விட்டால் இந்தப் பந்தியும் கோட்டைக்குள் இருந்து எழுதப்பட்டதாகவே போய்விடும்.

குருநகரில் 1993 கார்த்திகையில் புனித யாகப்பர் தேவாலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. யுத்தம் முடிந்த பிறகும் அந்தக் கரையின் துன்பம் தீரவில்லை. இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகள் கடலின் அடியை வாரிக்கொண்டு போகின்றன. இங்குள்ளவர்களின் வலைகள் அறுபடுகின்றன. 2017 இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து இலங்கையில் சட்டம் வந்தது. அதன் பின்னும் படகுகள் வருகின்றன. அந்தப் பக்கத்தில் இருப்பவர்களும் தமிழர்கள், கூலிக்கு வருகின்றவர்கள். இந்தச் சிக்கலில் எமக்கு ஏற்படும் கலவையான உணர்வு, மாமரத்தைப் பார்த்து ஏற்படுகின்றதைவிட எழுதுவதற்குக் கடினமானது. அதனால்தான் மாமரத்தை எழுதுகின்றோம்.

இரண்டாவதாக இல்லாமற்போனது ஒரு தெரு. 1990 ஐப்பசி 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அவ்வாறு போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 இல், அதே ஐப்பசி 30 அன்று, வலிகாமத்துத் தமிழர்கள் மூட்டை முடிச்சுகளோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். இரண்டாவது நாளை நாம் ஒவ்வோராண்டும் நினைவு கூர்கின்றோம். முதலாவது நாளன்று எம்மில் பலர் ஊரிலேயே இருந்தோம்; சோனகத் தெரு வெறுமையானதைப் பார்த்தோம். எமது நான்கு பக்கங்களில், சிறுவயதில் அங்கே வாங்கிய பொருட்களைப் பற்றி அன்பாக ஒரு வாக்கியம் இருக்கின்றது. விற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஒரு வாக்கியமும் இல்லை. ஒண்டாச்சி ஆணைக்குழுவுக்கு ஒரு வரியாவது கொடுத்தார்.

ஆகவே எமது விமர்சனத்தைச் சற்றுத் திருத்திச் சொல்லவேண்டியிருக்கின்றது. அந்நூலின் குறை, அது ஓர் அறைக்குள் இருந்து எழுதப்பட்டது என்பதல்ல. திரும்பிப் போகின்ற எவருக்கும் ஓர் அறை வாய்க்கின்றது. அந்த அறையில் ஆறுதலும் சிரிப்பும் இருக்கின்றன. அவற்றுக்கு எமக்கு உரிமை உண்டு. அந்த அறை யாரால், யாருடைய இழப்பால் கிடைத்தது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் பயணக் கட்டுரை இலக்கியமாகின்றது. ஒண்டாச்சி தன்னை வந்துபோகும் அந்நியராகவே சில இடங்களில் ஒப்புக்கொள்கின்றார். நாம் அதைக்கூட ஒப்புக்கொள்வதில்லை. நாம் சொந்தக்காரர் என்ற பாவனையில் போகின்றோம். ஊர் மாறியதற்குக் கணக்குக் கேட்கின்றோம்.

அந்தத் தேசாதிபதி மாளிகை இப்போது இல்லை. 1990 இல் கோட்டை முற்றுகையிடப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் உள்ளே இருந்த கட்டடங்கள் இடிந்தன. 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயமும் அழிந்தது. மதில்கள் ஒல்லாந்து அரசின் உதவியோடு திருத்தப்பட்டிருக்கின்றன. மாலையில் இளம் சோடிகளும், குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் மதிலின் மேல் நடக்கின்றார்கள். நாமும் ஒரு மாலை அங்கே நடந்தோம். கீழே புல் முளைத்த கற்குவியல்களுக்குள் அந்தக் கூடம் எங்கே இருந்திருக்கும் என்று தேடினோம். தெரியவில்லை.

இறங்கி வந்து ஓட்டோவில் ஏறியபோது, அதை ஓட்டிய பொடியன் கண்ணாடியில் எம்மைப் பார்த்து, ஊரில் எல்லோரும் கேட்கின்ற அந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டான்.

“அண்ணை, எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?”

முதலில் அது சுட்டது. இரண்டாவது கேள்வியை முதலாவதோடு சேர்த்தே கேட்கின்றானே என்று. அதில் குத்தல் எதுவும் இல்லை; வந்தவர்கள் போவார்கள் என்பது அவனுடைய அனுபவம். நாம் திகதியைச் சொன்னோம். அவனுக்கு எந்த இடம் என்று கேட்டோம்.

“பாசையூர்” என்றான்.

அதற்கு மேல் என்ன கேட்பதென்று எமக்குத் தெரியவில்லை. அந்த நான்கு பக்கங்களையும் கிழித்துவிடவில்லை. அடுத்த முறை போகும்போது ஐந்தாம் பக்கத்தை அங்கிருந்து தொடங்கவேண்டும்.