மனு: பணிவும் பன்மையும்

மனுவை ஒரு பிரதியாக மதித்து நமது விமர்சகர்கள் வாசித்ததில்லை. இடதுசாரிகளுக்கு அது கெஞ்சல். இலக்கியவாதிகளுக்கு வெறும் காகிதம். ‘எழுதிக் குடுங்க, பாக்கலாம்’ என்கிற வாக்கியம் ஒருவரை என்னவாக மாற்றுகிறது என்பதே என் கேள்வி.

வாய்ப்பேச்சில் வசவும் அழுகையுமாக இருந்த ஒரு வழக்கு, கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதித் தருபவரின் கைக்குப் போனதும் ‘மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கி, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிகிறது. கோபம் வடிந்துவிடுகிறது. உரிமை, கருணையாக மொழிபெயர்க்கப்படுகிறது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளைப் பலரும் மனுநீதி நாள் என்றே சொல்கிறார்கள். பெரியபுராணம் விரித்துரைக்கும் மனுநீதிச் சோழன் கதையில், மணியடித்த பசுவுக்குப் பேச்சே இல்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனின் பெருமைதான் கதை. நீதி கேட்டது, கதையைத் தொடங்கி வைக்க மட்டும் தேவைப்படுகிறது.

ஆனால் மனு என்றாலே அடிமைமொழி என்று முடித்துவிடவும் முடியாது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதனால் சாதி இந்துக்களே அதிகாரிகளாவார்கள் என்று 1893இல் இரட்டைமலை சீனிவாசன் முன்நின்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். 112 அடி நீளம், 3412 கையொப்பங்கள். தேசியவாத வாசிப்பில் இது துரோகமாகத் தெரியலாம். நான் பார்ப்பது அந்த நீளத்தை. மொழி எவ்வளவு பணிந்திருந்தாலும் அந்த 112 அடி பணியவில்லை. கேட்பதற்கு முன்பே அது ஒரு ‘நாங்க’ளை உண்டாக்கிவிட்டது.

மனுநீதி நாள் பறித்துக்கொள்வது இந்தப் பன்மையைத்தான். ஒரே ஊரின் ஒரே குறை தனித்தனி எண்களாகப் பதிவாகிறது; பல சமயம் யார்மீது புகாரோ அதே அலுவலகத்துக்கே ‘உரிய நடவடிக்கைக்காக’த் திரும்புகிறது. வரிசையில் ஐந்நூறு பேர் நின்றாலும் ஐந்நூறு ‘நான்’கள்தான்.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் எரிந்து மாண்டது. அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தவர், ஆட்சியரின் புகாரின் பேரில் இரண்டே வாரத்தில் கைதானார். அதிகாரம் கொடுக்கும் மனு எவ்வளவு சீக்கிரம் படிக்கப்படுகிறது! அந்த மரணங்களிலிருந்து நிர்வாகம் படித்துக்கொண்ட பாடமோ, மனு கொடுக்க வருகிறவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலிலேயே சோதிப்பது.

ஆகவே மனுவின் மொழியைத் திருத்துவது நமது வேலையல்ல. தாழ்மையுடன் என்பதை வேண்டுமானால் அப்படியே விட்டுவிடலாம். ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பது ‘கேட்டுக்கொள்கிறோம்’ ஆவதற்கு ஊருக்குள் எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் மனுவின் அரசியல் இருக்கிறது. அந்த நடை முடிந்த பிறகு, கலெக்டர் கையெழுத்துப் போடாவிட்டாலும் ஊர் பழைய ஊராக இருப்பதில்லை.