மார்கழியில் தெரியும் கைவண்ணம்

ஒரே அளவுக் கண்ணாடிப் போத்தல்களை வாங்கி, பெயர் ஒட்டி, வரிசையாக அடுக்குவது இன்றைய குசினி நாகரிகம். பார்க்க அழகுதான். ஆனால் திருகோணமலையில் கைதேர்ந்த ஒரு பெண் அடுக்கிய சாமான் இறாக்கையில் இரண்டு பாத்திரங்கள் ஒன்றுபோல இரா. மண்சாடி, பால்மாப் பேணி, ஓலைப்பெட்டி, போத்தல் என்று கலந்து கிடக்கும். எந்தச் சாமான் காற்றோடு எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்து தேர்ந்த பாத்திரங்கள் அவை. என் ரசனை அந்தப் பக்கம்தான்.

இந்தத் துறைமுக ஊருக்குக் காற்று இரண்டு. வைகாசி முதல் ஆவணி வரை தரைவழியே வரும் கச்சான், தொட்டதையெல்லாம் காயவைக்கும். கிழக்குக் கடல் அமைதியாக இருந்து மீன் படுவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே கருவாடு, மோர்மிளகாய், வத்தல் எல்லாம் ஒருசேரக் காய்ந்துவிடும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் கடலின் ஈரம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. காயவைத்ததைக் காப்பாற்றும் வேலை அன்றைக்குத் தொடங்கும்.

முதலில் தோற்பது உப்பு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 ஐத் தாண்டினால் அது கசியத் தொடங்கும். பேணியில் போட்டால் துருவும் சேர்ந்து வரும். மண்சாடியோ கசிவைத் தன் சுவரில் உறிஞ்சிக்கொள்ளும். பழப்புளிக்கும் சாடிதான், தகரத்தைப் புளி அரித்துவிடும். கொட்டையும் நாரும் நீக்கி, கல்லுப்புத் தூவி, இடையில் காற்று நில்லாதபடி அமுக்கி வைத்தால் ஆண்டு முழுக்க நிற்கும்.

தம்பலகாமத்து வயலிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ மூட்டையாக வரும் அரிசிக்கு எதிரி உள்ளேயே இருக்கிறது. பெண் வண்டு மணியைத் துளைத்து முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளரும். எவ்வளவு புடைத்தாலும் கண்ணில் படாது. அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் மணி வெடித்து நொய்யாகும் என்பதால் நிழலில் பரப்பி, காய்ந்த வேப்பிலை கலந்து கட்டுவார்கள். பயற்றுக்கு வெயிலும் ஆகும், அடுப்புச் சாம்பலும் ஆகும். சாம்பல் மணிகளுக்கு இடையிலுள்ள வெளியை அடைத்து, வண்டின் மேல்தோலைத் தேய்த்து அதை உலர்த்திக் கொன்றுவிடும்.

கோதுமை மா விடயத்தில் இந்த ஊர் பாக்கியம் செய்தது. 1980 முதல் சீனக்குடாவில் பிரிமா ஆலை கப்பலில் வரும் கோதுமையை அரைத்து நாடெங்கும் அனுப்புகிறது. ஆலை பக்கத்தில் இருந்தாலும், இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் உரிய மாவைப் பச்சையாக வைக்கமாட்டார்கள். துணியில் கட்டி அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்து, நன்றாக ஆறவிட்டே பேணியில் அடைப்பார்கள். ஆவியில் பூச்சி முட்டை சாகும். மாவின் பசையும் குறைவதால் இடியப்பம் இழை இழையாக விழும்.

கருவாட்டுக்கு இறாக்கையில் இடமில்லை. அதன் வாசம் மாவிலும் சீனியிலும் ஏறிவிடும். விறகடுப்பு இருந்த நாளில் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியது. கேஸ் அடுப்பு வந்தபின் அந்த இடமும் போயிற்று.

கலையின் உச்சம் கறித்தூள்தான். மல்லி, செத்தல் மிளகாய், சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒவ்வொன்றையும் தாச்சியில் தனித்தனியே பக்குவம் பார்த்து வறுத்து, மில்லில் அரைத்துக் கொண்டுவரும்போது தூள் கொதிக்கும். அவசரக்காரி அப்படியே போத்தலில் போடுவாள். மூடிக்கு உள்ளே வேர்த்து, ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தேர்ந்தவள் பெரிய தட்டில் கடதாசி விரித்துப் பரப்பி, குவியலின் அடியில் விரலை விட்டுப் பார்ப்பாள். மேலே ஆறியதை அவள் நம்புவதில்லை. அடியும் குளிர்ந்தபின் பெரிய போத்தலில் அமுக்கி நிரப்பி, மூடிக்குக் கீழே கடதாசி வைத்து இறுக்குவாள். அன்றாடத்துக்கு ஒரு சின்னப் போத்தல் தனியாக இருக்கும். அடுப்பின் ஆவி அந்தச் சின்னதை மட்டும் தொடும். பெரியது வாரத்துக்கு ஒருமுறை, காய்ந்த கரண்டிக்கு மட்டும் திறக்கும். இவ்வளவு சிறிய ஏற்பாட்டில் இவ்வளவு புத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆடி மாதத்தில் எந்த வீட்டு இறாக்கையும் நன்றாகத்தான் தெரியும்; கச்சான் அதன் குறைகளை மறைத்துவிடும். கைவண்ணத்தை மதிப்பிட வேண்டுமானால் மார்கழியில் போய் மூடியைத் திறந்து பாருங்கள்.