ஓடையை யார் தூர்வாருவது?

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துக் கிராமச் சாலைகளில் போகிறவர்களுக்குப் பஞ்சாயத்து எல்லையைக் காட்டப் பலகை தேவையில்லை. புதுத்தார் முடிந்து குழி தொடங்கும் இடமே எல்லை. ஜனங்களுக்கு அது ஒரே ரோடு. கணக்குப் புத்தகத்தில் மட்டும் இரண்டு.

கேரளத்தின் ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளும் முக்கிய மாவட்டச் சாலைகளும் போக மற்ற பொதுச் சாலைகளைக் கிராமப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தது. அவற்றுக்கென்று பராமரிப்பு நிதியில் தனிப் பங்கும் வருகிறது. பொறியாளர் சேவையும் பகிர்வுதான்: பஞ்சாயத்தில் உதவிப் பொறியாளரும் ஓவர்சியரும் போடும் எஸ்டிமேட்டை, பிளாக் அளவில் பல பஞ்சாயத்துகளுக்குப் பொதுவாக இருக்கும் உதவி நிர்வாகப் பொறியாளர் சரிபார்க்கிறார். இடுக்கி மலையில் உள்ள வட்டவடையோ காந்தளூரோ மலைச்சரிவு தெரிந்த மூத்த பொறியாளரைத் தனியாக வைத்துக்கொள்ள முடியுமா? தேவிகுளம் பிளாக்கோடு சேர்ந்திருப்பதால் அந்தக் கண் அவர்களுக்கும் கிடைக்கிறது.

ஆனால் இங்கே பகிரப்படுவது பெரும்பாலும் கையெழுத்து. வேலை பகிரப்படுவதில்லை.

கிராம ரோட்டைக் கொல்வது தண்ணீர். ஓரத்து ஓடையில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் ஜூன் மழை ரோட்டின் மேலேறி ஓடும். முதலில் தாரின் விளிம்பு அரிபடும், அடியில் ஜல்லி இளகும், பிறகு ஒரு லோடு லாரி போதும். அந்த அடைப்பை எடுக்க இரண்டு பேர், மண்வெட்டி, அரைநாள். அதற்கு எஸ்டிமேட், அனுமதி, டெண்டர் என்று போய்க்கொண்டிருந்தால் மழைக்காலமே முடிந்துவிடும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்கும் அவசரத்தில் மார்ச் மாதம் தார் போடுகிறார்கள். ஓடையை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

பக்கத்துப் பஞ்சாயத்துகள் கூட்டுத் திட்டம் போட வழியிருக்கிறது. பிளாக்குக்கு ஒரு பராமரிப்புக் குழு, ஒரு சிறிய ரோலர், குழி அடைக்கும் கலவை: இவ்வளவு போதும். பொதுப்பணித் துறை தன் சாலைகளில் ‘ரன்னிங் காண்ட்ராக்ட்’ முறையில் ஒப்பந்ததாரர் பெயரையும் போன் எண்ணையும் பலகையில் எழுதி வைக்கிறது. பஞ்சாயத்து ரோட்டுக்கும் அது வரட்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கவுண்டிச் சாலைகளின் பனியை டவுன் நிர்வாகங்கள் எழுத்து ஒப்பந்தத்தின்படி அகற்றுகின்றன. யார் எதைச் செய்வது, யார் பணம் தருவது என்று தாளில் இருப்பதால் பகிர்வு நடக்கிறது.

இதிலும் ஆபத்துண்டு. தேவிகுளம் பிளாக்கில் பொதுவான பராமரிப்புக் குழு என்றால் முதலில் மூணாறு, கடைசியில் இடமலைக்குடி என்று ஆகிவிடும். மழைக்கு முன் தொலைவான ஊரிலிருந்து தொடங்க வேண்டுமென்று அட்டவணையிலேயே எழுதிவிட வேண்டும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலைக்குடிக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ரோடு போகும் மண் வனத்துறையுடையது. வனத்துறையைச் சேர்க்காத எந்தக் கூட்டுத் திட்டமும் அங்கே காட்டின் ஓரத்தோடு நின்றுவிடும்.

பரம்பிக்குளத்தில் நிலைமை இன்னும் கடினம். அது பாலக்காட்டு முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றியாக வேண்டும். 2020 அக்டோபரில் அங்குள்ள தேக்கடி ஆதிவாசி மக்கள் (இது குமுளித் தேக்கடி அல்ல) அதே பஞ்சாயத்தின் செம்மணாம்பதிக்குத் தாங்களே பாதை வெட்ட இறங்கினார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குட்பட்ட வனநிலத்தைச் சாலைக்கு விட இடம் தருகிறது. சட்டத்தில் வழி இருந்தும் ஜனங்கள் காட்டில் இறங்க வேண்டியிருந்தது வேதனை.

அதே காட்டின் தண்ணீரை இரு மாநிலங்களும் 1970 ஒப்பந்தப்படி பங்கிடுகின்றன. அதற்குக் கூட்டு வாரியமும் இருக்கிறது. சேத்துமடை–பரம்பிக்குளம் சாலைக்கும் அப்படி ஓர் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதைப் பேசும் கூட்டத்தில் இரு மாநில வனத்துறைகளோடு முதலமடைப் பஞ்சாயத்தும் ஆனைமலை ஒன்றியமும் உட்கார வேண்டும்.