அடிப்பக்கத்து எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இனுவிட் கற்சிற்பத்தைச் செய்தவர் யார் என்று தேடுபவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். அடியில் ஈ7-1035 என்றிருந்தால் அது இனுவிட் கலைஞர் கெனோஜுவாக் அஷெவாக்கின் எண். 1941இல் தொடங்கி கனடா அரசு இனுவிட் மக்களை அடையாளம் காண வட்டுகளில் பொறித்து வழங்கிய வட்டு எண்கள் இவை. ‘ஈ’ (E) கிழக்கு ஆர்க்டிக்கைக் குறிக்கும். அடுத்து வரும் 7, கேப் டோர்செட் உள்ளிட்ட வட்டாரத்தைக் குறிக்கும். இறந்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இடும் சமூகத்தில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். ரோமன் எழுத்தில் அதைப் பதிந்தவர்களும் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். அந்தக் குழப்பம் எண்ணில் இல்லை. ஆகவே சான்றுகளில் எண்ணுக்கே முதலிடம் தருவது சரி.

ஆனால் அதை முடிந்த முடிவாகக் கொள்வதுதான் தவறு. எண் ஆளைப் பதிந்த வட்டாரத்தைச் சொல்கிறது. செதுக்கிய ஊரை அதிலிருந்து ஊகிக்க முடியாது. 1953இல் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களை அரசு வெகுதூரம் வடக்கே ரெசலூட்டுக்கும் கிரைஸ் ஃபியோர்டுக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தியதை நினைத்தாலே இது விளங்கும். தேய்ந்த ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் சிற்பம் வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிடும். 1949இல் மொன்றியல் விற்பனையோடு தெற்கே சந்தை திறந்த தொடக்க ஆண்டுகளின் சிற்பங்கள் பலவற்றில் எண்ணோ அசையெழுத்துக் கையொப்பமோ கிடையாது. அத்தகைய சிற்பங்களில் கல்லைப் பார்க்கிறார்கள்: பச்சை செர்ப்பென்டினைட் என்றால் தென் பாஃபின், கருஞ்சாம்பல் மாக்கல் என்றால் இனுக்ஜுவாக் பக்கம் என்று. இது நல்ல துணைச் சான்று, அவ்வளவே. கல்லும் ஊர்விட்டு ஊர் போகும். பாணியை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது எல்லாவற்றிலும் பலவீனமானது. அண்ணன் தம்பியும் அப்பா மகனும் அருகருகே அமர்ந்து செதுக்கிய இடத்தில் கைவண்ணம் ஒருவரோடு நிற்பதில்லை.

மக்களை எண்ணிட்டு ஆண்ட அரசின் அடையாளத்தைக் கலைக்குச் சான்றாக்குவதே இழுக்கு என்று ஒரு மறுப்பு உண்டு. அதன் நியாயத்தை மதிக்கிறேன். இனுவிட் தலைவர் ஏப் ஓக்பிக் ஊர் ஊராகச் சென்று குடும்பப் பெயர்களைப் பதிவுசெய்த முயற்சியும் அந்த அவமதிப்பைக் களையத்தான். ஆயினும் பல பழைய சிற்பங்களில் செய்தவரிடம் நம்மைச் சேர்க்கும் தடயம் அந்த எண் ஒன்றே. அதை மறைத்தால் மறைவது அரசல்ல, கலைஞர். பட்டியல்களில் பெயர் முதலில் வரட்டும், எண் பின்னால் வரட்டும். பாணியை மட்டும் நம்பிச் சொல்லும்போது “இவருடையதாகக் கருதப்படுகிறது” என்று எழுதட்டும். பெரிய பெயரை ஒட்டி விலையேற்றும் முன், கலைஞரின் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திடமும் அவர் குடும்பத்தாரிடமும் விற்பனையாளர்கள் கேட்க வேண்டும்.