‘தமிழ்நாட்டில் மலிவான வீட்டு இன்ஷூரன்ஸ்’ பட்டியல்கள்: ஒரு வாசிப்பு

அப்பா போன மாசம் போனில் கேட்டார்: “ஏம்ப்பா, வீட்டு இன்ஷூரன்ஸ் முடியப்போகுதாம். எந்தக் கம்பெனி சீப்புன்னு பார்த்துச் சொல்லு.” காட்டூர் வீடு 1994-இல் கட்டியது. அப்பா பெல்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஸ்டீல் சைக்கிள் ஸ்டாண்டுக்குக்கூட மூணு கொட்டேஷன் வாங்கித்தான் ஆர்டர் கொடுப்பார். சரி, ஒரு மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்தேன். ரெண்டு வாரம் ஆகிவிட்டது.

தேடினால் வருவதெல்லாம் ஒரே மாதிரிப் பட்டியல். ‘தமிழ்நாட்டின் தலைசிறந்த பத்து மலிவான வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள்’ என்று தலைப்பு. கீழே கம்பெனி பெயர், நட்சத்திரம், ‘கிளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ’ என்று ஒரு சதவீதம், ஒரு பட்டன். ஏழெட்டுப் பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு அடுக்கிப் பார்த்தேன் (தொழில் புத்தி). ஒன்றில் முதலிடத்தில் இருப்பது இன்னொன்றில் இல்லவே இல்லை. காரணம் தேடும்போதுதான், இந்தப் பட்டியல்களின் சட்டகமே நம்ம ஊருக்குப் பொருந்தாது என்று புரிந்தது.

‘ஒரு மாநிலத்துக்குள் ஒப்பிடு’ என்பது அமெரிக்கச் சரக்கு. அங்கே காப்பீடு மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி கட்டுப்பாட்டு அலுவலகம், தனி விதிகள். ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டு பாலிசி எழுதுவதையே நிறுத்தியது. ஃப்ளோரிடாவில் வேறு யாரிடமும் பாலிசி கிடைக்காதவர்களுக்காகச் ‘சிட்டிசன்ஸ்’ என்ற அமைப்பை மாநிலமே 2002-இல் தொடங்கியது. அங்கே ‘என் மாநிலத்தில் எது மலிவு’ என்பது அர்த்தமுள்ள கேள்வி. இன்னொன்று: அவர்களின் வழக்கமான வீட்டு பாலிசியில் வெள்ளம் கிடையாது. அதற்கு 1968-இலிருந்து மத்திய அரசின் தனித் திட்டம் இருக்கிறது.

இங்கே கதையே வேறு. இன்ஷூரன்ஸ் மத்திய அரசின் விஷயம். ஒழுங்குமுறை ஆணையம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஹைதராபாத்தில் இருக்கிறது. சென்னைக்கும் பாட்னாவுக்கும் ஒரே விதி. அதைவிட முக்கியம், 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான தீ மற்றும் இயற்கைச் சீற்றக் காப்பீட்டுக்கு ஒரே மாதிரி வாசகம் கொண்ட பாலிசி வந்துவிட்டது: ‘பாரத் கிருஹ ரக்ஷா’. இந்த வகைக் காப்பீடு விற்கும் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இதைக் கொடுத்தாக வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, சோழமண்டலம் எம்.எஸ்., ராயல் சுந்தரம் ஆனாலும் சரி, மும்பையின் நியூ இந்தியா ஆனாலும் சரி, அடிப்படை பாலிசியில் வரிக்கு வரி ஒரே வாசகம்தான். பட்டியல் போடுகிறவர்கள் இதை ஏன் முதல் வரியில் சொல்வதில்லை? சொன்னால் பட்டியலுக்கே வேலை இல்லாமல் போய்விடும் என்பது என் சந்தேகம்.

ஒரே பாலிசி என்றால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வண்டி வந்து மோதுவது, கலவரம், வேண்டுமென்றே யாராவது செய்யும் நாசம், பயங்கரவாதம், தண்ணீர் டேங்கோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் உள்ளே. கட்டடத்துக்கு எவ்வளவு போடுகிறீர்களோ அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். இடிபாட்டை அள்ள கிளெய்ம் தொகையில் 2 சதவீதம், ஆர்க்கிடெக்ட், சர்வேயர், இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை. பல வருஷ பாலிசி எடுத்தால் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் கூடுதல் பிரீமியம் இல்லாமல் ஏறும். பத்து வருஷம் வரை எடுக்கலாம்.

இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது வேறொன்று. பட்டியல்களில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். சித்தப்பா வீட்டுக் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

சித்தப்பா வீடு எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. 2019 கோடையில் ஹாலில் இருந்த இன்வெர்ட்டர் பற்றிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் மாடியில் இருந்தார்கள். ஆனால் ஹால் சீலிங், வயரிங், ஷோகேஸ், டி.வி., ஜன்னல் எல்லாம் போச்சு. கணக்குப் போட்டால் 3 லட்சம் சேதம். கடன் வாங்கிய வங்கி ஒரு பாலிசி போட்டிருந்தது. கடன் பாக்கி 8 லட்சம், பாலிசியும் 8 லட்சத்துக்கு. “8 லட்சம் கவர் இருக்கு, 3 லட்சம்தானே சேதம், முழுசா வரும்” என்று நானே தைரியம் சொன்னேன். பி.இ. படித்தவன் சொன்னதால் சித்தப்பாவும் நம்பினார்.

வந்தது 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் கீழே. அன்றைய தீ பாலிசியில் ‘சராசரி விதி’ என்று ஒன்று உண்டு. வீட்டைத் திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும், நீங்கள் 8 லட்சத்துக்குத்தான் இன்ஷூர் செய்தீர்கள், ஆக 40 சதவீதம். சேதத்திலும் 40 சதவீதம்தான் தருவோம் என்பது கணக்கு. 3 லட்சத்தில் 40 சதவீதம் 1.2 லட்சம். அதிலும் இன்வெர்ட்டரின் விலையைக் கழித்துவிட்டார்கள். ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்த அந்தக் கருவிக்கு மட்டும் இழப்பீடு கிடையாது, அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த மற்றவற்றுக்கு உண்டு. சர்வேயர் வந்து போனதிலிருந்து காசு வரும்வரை சித்தி எத்தனை முறை அந்தக் கிளைக்கு நடந்தார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கம்பெனி பெயரும் வேண்டாம். அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். அந்த விதியைப் பாலிசி போடும் நேரத்தில் யாருமே வாய் திறந்து சொல்லவில்லை என்பதுதான் இன்று வரை உறுத்துகிறது. நானும் சொல்லவில்லையே.

பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தச் சராசரி விதி கட்டடத்துக்கு எடுக்கப்பட்டுவிட்டது. குறைவாக இன்ஷூர் செய்தீர்கள் என்பதற்காகப் பகுதி கிளெய்மை விகிதாசாரமாக வெட்ட முடியாது. சித்தப்பாவுக்கு அதே தீ 2022-இல் வந்திருந்தால், இன்வெர்ட்டர் போக மிச்சம் ஏறக்குறைய முழுசாக வந்திருக்கும். கருவிக்கான அந்த விதிவிலக்கு மட்டும் புதிய பாலிசியிலும் அப்படியே இருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஏசி, இன்வெர்ட்டர் இல்லாத வீடு திருச்சி வெயிலில் ஏது? அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது அந்தச் சதவீதத்துக்கு வருவோம். ‘கிளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ’ என்பது ஆயுள் காப்பீட்டில் புழங்கும் எண். நூறு கிளெய்ம் வந்தால் எத்தனைக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது. பொதுக் காப்பீட்டில் ஒப்பிட எடுக்கப்படுவது பெரும்பாலும் ‘இன்கர்டு கிளெய்ம் ரேஷியோ’. வசூலித்த பிரீமியத்தில் எவ்வளவு பணம் கிளெய்முக்குப் போனது என்பது. ரெண்டும் ஒன்றே இல்லை. 90 சதவீதம் என்றால் நூற்றில் தொண்ணூறு பேருக்குக் கிடைத்தது என்று அர்த்தம் கிடையாது. போதாததற்கு, பட்டியல்களில் வருவது பெரும்பாலும் மொத்தக் கம்பெனிக்கான எண். பெரும்பாலான கம்பெனிகளில் வண்டி இன்ஷூரன்ஸும் மருத்துவ இன்ஷூரன்ஸும்தான் மலை மாதிரி. வீடு அதில் ஒரு கூழாங்கல். ஸ்கூட்டர் கிளெய்மையும் ஆஸ்பத்திரி பில்லையும் வைத்து என் வீட்டுச் சுவருக்கு மார்க் போடுகிறார்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆண்டறிக்கையில் தீ பிரிவுக்குத் தனி எண் உண்டு. ஆனால் அதிலும் தொழிற்சாலை, கிடங்கு எல்லாம் கலந்துதான் வரும்.

நிதி நிலையைப் பற்றிப் பட்டியல்கள் ஒன்றும் சொல்வதில்லை என்பது இன்னொரு குறை. ‘சால்வென்சி ரேஷியோ’ குறைந்தது 1.5 இருக்க வேண்டும் என்பது விதி. பொதுத்துறையில் நேஷனல், ஓரியன்டல், யுனைடெட் இந்தியா மூன்றும் 2023-24-இல் அதற்குக் கீழே இருந்தன, நியூ இந்தியா மேலே. அரசு முதலாளியாக இருப்பதால் இது எனக்குப் பெரிய பயமாக இல்லை. ஆனால் பத்து வருஷ பாலிசிக்கு மொத்தமாகப் பணம் கட்டுகிறவர் ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்படியென்றால் ஒப்பிட எதுவுமே இல்லையா? இருக்கிறது, பட்டியல் காட்டும் இடத்தில் இல்லை.

முதலில் திருட்டு. நம்ம ஆட்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் என்றதும் நினைப்பது பூட்டு உடைப்பைத்தான். அடிப்படை பாலிசியில் அது கிடையாது. வெள்ளம், தீ மாதிரி ஒன்று நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால் மட்டும் உண்டு. ஸ்ரீரங்கத்துக்குச் சொர்க்கவாசல் பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் பீரோ காலி என்றால் ஒரு பைசா வராது. அதற்குத் தனி கவர் சேர்க்க வேண்டும். அந்தக் கவர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம், நகைக்கு எவ்வளவு, எஃப்.ஐ.ஆர். எப்போது வேண்டும் எல்லாமே வேறு வேறு. நகையையும் விலையுயர்ந்த பொருட்களையும் விருப்பக் கவராகத்தான் சேர்க்கணும், தானாக வராது. மூன்று அலுவலகங்களுக்குப் போன் போட்டேன். ரெண்டு இடத்தில் “எல்லாம் கவர் ஆகும் சார்” என்றார்கள். வாசகத்தை அனுப்புங்க என்றதும் ஒருவர் மட்டும் அனுப்பினார். அதுவே எனக்கு ஒரு மதிப்பெண்ணாகத் தோன்றியது.

அடுத்து பிரீமியம். வாங்கிய விலைகளில் கூடியதற்கும் குறைந்ததற்கும் இருந்த வித்தியாசம், குடும்பத்தோடு தில்லை நகரில் ஒருவேளை சாப்பிடும் செலவைத் தாண்டவில்லை. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் வரி எடுத்தது தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு மட்டும்தான், வீட்டுக்கு இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை பட்டியலும்.

பெரிய காசு போவது வேறு இடத்தில். நிலத்தின் விலையையும் சேர்த்து இன்ஷூர் செய்வது. காட்டூரில் கிரவுண்ட் விலை எங்கேயோ போய்விட்டது, ஆனால் நிலம் எரியாது. கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். 1,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 25 லட்சம், சாமானுக்குத் தானாக 5 லட்சம். போர்ட்டிகோ, காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், மாடியில் சோலார் பேனல் இருந்தால் அதன் மதிப்பைத் தனியாகச் சேர்க்கணும். எங்கள் பழைய பாலிசியில் நிலத்தோடு சேர்த்து சந்தை விலை போட்டு வைத்திருந்தார்கள். அப்பா இத்தனை வருஷமாக அந்த மண்ணுக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறார்.

வங்கிக் கடனோடு வரும் இன்னொரு குழப்பம்: ‘ஹோம் லோன் இன்ஷூரன்ஸ்’ என்று கொடுப்பது பல சமயம் கடன் வாங்கியவரின் உயிருக்கானது, கட்டடத்துக்கானது இல்லை. பாலிசி தாளை எடுத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “தண்ணி வந்தா குடுப்பானா?” அந்தக் கேள்விக்குப் பின்னால் 1977 நவம்பர் இருக்கிறது. புயல் மழையில் கோரையாறும் உய்யக்கொண்டானும் ஊருக்குள் வந்த அந்த வாரத்தைத் திருச்சியில் அறுபது தாண்டிய யாரிடமும் கேட்கலாம். 2005-இல் மறுபடி வந்தது. நிலநடுக்க வரைபடத்தில் ரொம்ப நாளாக நம்ம ஊர் இரண்டாம் மண்டலம், ஆபத்து குறைந்தது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அப்படி நிம்மதியாக இருக்க முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தி வந்த அன்று அப்பா டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

தருவார்கள் என்றேன். வெள்ளம் அடிப்படை பாலிசியிலேயே இருக்கிறது, அமெரிக்கா மாதிரி தனியாக வாங்க வேண்டியதில்லை. மெதுவாக ஊறி வரும் ஈரமும், புதுக் கட்டடம் அமரும்போது விழும் சாதாரண விரிசலும்தான் கிடையாது. தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் சரியாகவில்லை என்றால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், கட்டணம் இல்லை. சித்தப்பாவுக்கு அன்று இதுவும் எங்களுக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் டேப் பிடித்து வீட்டை அளந்தோம். வெளிச் சுவர் கணக்கில் வராது, உள் சுவர் வரும், வராந்தா கார்ப்பெட் ஏரியாவில் வராது. வராந்தா வராது என்றதும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேப்பர் படிப்பது அங்கேதான். தனிக் கட்டுமானம் என்று போடலாம்ப்பா என்று சமாதானம் சொல்லிக் குறித்துக்கொண்டேன். வாசகத்தை அனுப்பிய அந்த அலுவலகத்திலேயே பாலிசி போட்டோம். விலைப் பட்டியலில் அது இரண்டாவது.

சித்தப்பாவின் புது இன்வெர்ட்டர் இப்போது மாடிப்படிக்கு அடியில், வெளியே இருக்கிறது.