‘ஓரிரு இடங்களில்’ என்றால் எந்த இடத்தில்?

கோடை வந்தால் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் அடிக்கடி வரும் வரி: “ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும்.” ஜோசியம் மாதிரி இருக்கே என்று காஞ்சிபுரத்தில் பலர் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

உண்மையில் அது மழுப்பல் இல்லை, கலைச்சொல். ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று அர்த்தம். அது பரப்பைச் சொல்கிறது. நாம் அதை வாய்ப்பு என்று படிக்கிறோம்.

அந்தச் சொல் நம்ம ஊர்க் கோடை மழைக்குப் பொருத்தமும்கூட. மே மாதம் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்து மேற்குக் காற்றைச் சந்திக்கும் இடத்தில் மேகம் கிளம்பும். ஸ்ரீபெரும்புதூரில் கொட்டும், இங்கே புழுதி மட்டும் பறக்கும். காலையிலேயே இந்தத் தெருதான் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் குறை வேறு. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம் நார்மனில் இருக்கும் புயல் கணிப்பு மையம், ஓர் இடத்தைச் சுற்றி சுமார் 40 கிலோமீட்டருக்குள் ஆலங்கட்டியோ சூறைக்காற்றோ வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று வரைபடத்திலேயே போடுகிறது. நம் மாவட்ட வரியில் அந்த எண் இல்லை. பெரும்பாலும் நேரமும் இல்லை. அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கை தனியாக வருகிறது, சரி. ஆனால் தெருவில் பாவு விரிக்க முந்தின நாளே ஆள் சொல்லி வைக்கணும்.

‘மதியம் 3 மணிக்கு மேல்’ என்று சேர்த்தாலே போதும். நெசவாளர் காலையில் நிம்மதியாகப் பாவு விரிப்பார். மாலையில் குழித்தறிக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வார்.